சாமி படங்களுக்கு நடுவில் ஹாம்பர்க்

கப்பல், ரயில், மறுபடி ரயில், கடைசியில் மாட்டு வண்டி என்று வந்து இறங்கியவனைக் கை கால் கழுவக்கூட விடாமல் பொன்னியம்மாள் நேராகச் சாமி மாடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஐந்து வருடங்களுக்குப் பிறகு மகனின் நெற்றியில் திருநீறு இட்டாள். ஆதிகேசவன் கண்ணைத் திறந்தபோது, ஏகாம்பரநாதர் படத்துக்கும் வரதராஜர் படத்துக்கும் நடுவில் தன்னையே பார்த்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அவன் தபாலில் அனுப்பிய படம். தலையில் கவசம், தொடை வரை ரப்பர் ஜோடு, கையில் ஒரு லாந்தர். பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்கல் வளைவு, அதற்குப் பின்னால் இன்னொன்று, அப்படியே இருட்டு வரைக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சந்தனம் வைத்திருந்தார்கள். மாலை போடவில்லை, உயிரோடிருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலை கூடாது என்பதில் அம்மா கவனமாக இருந்திருக்கிறாள். குங்குமப் பொட்டும் அவனுக்கு இல்லை. பின்னால் இருந்த வளைவின் உச்சிக்கு.

"அந்த ஊரு கோயிலு எம்மாம் பெரிசு," என்றாள் அம்மா. "வெளக்கெல்லாம் ஏந்திக்கினு நிக்கிற. ஒண்ணுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருக்குது. ஜோடு போட்டுக்கினு உள்ள போயிருக்கியேப்பா. அந்த சாமி ஒண்ணும் சொல்லாதா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அது கோயில் இல்லை. ஹாம்பர்க் நகரத்தின் சாக்கடை.

அணை கட்டப் படிக்கத்தான் அவன் போனான். திருப்பருத்திக்குன்றத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். வேகவதிக் கரையில் இரண்டு காணி நிலம் வைத்திருக்கும் முனிசாமி, மகன் தண்ணி இஞ்சினியருக்குப் படிப்பதாகவும் வந்ததும் பெரிய டேம் கட்டப்போவதாகவும் ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே இரண்டாம் வருடப் பனிக்காலத்தில் ஒரு நாள் வகுப்பையே நகரத்துக்கு அடியில் அழைத்துப் போனார்கள். கூட வந்த கிரேக்கப் பையன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டான். ஆதிகேசவனும் கட்டிக்கொண்டுதான் இறங்கினான். மேலே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே கதகதப்பாக இருந்தது. தலைக்கு மேல் டிராம் வண்டி போகும் அதிர்வு. நூறு வருடத்துச் செங்கல்லில் ஒரு கீறல் இல்லை. எந்த இயந்திரமும் தள்ளாமல், தரையின் சரிவான வாட்டத்தை மட்டுமே நம்பி, ஒரு முழு நகரத்தின் அழுக்கு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த வாட்டத்தைக் கணக்கிட்டவன் யாராக இருந்தாலும் அவன் காலைத் தொட வேண்டும் என்று தோன்றியது. கைக்குட்டையை எப்போது அவிழ்த்தான் என்று நினைவில்லை.

கூட வந்த மேஸ்திரி ஹெல்மூட் மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். எழுபது வருடங்களுக்கு முன்னால் ஆற்று நீரில் கழிவு கலந்து, ஒரே கோடையில் இந்த ஊரில் எட்டாயிரம் பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு விழித்துக்கொண்டு, கழிவு குடிநீரில் கலக்காமல் பிரித்தார்கள்.

மறுநாள் பேராசிரியரிடம் போய், அணை வேண்டாம், இது வேண்டும் என்றான். ஏன் என்று அவர் கேட்டார். "எனக்கு ஒரு தங்கை இருந்தாள்," என்றான். அந்த வாக்கியத்தை அவன் அதற்கு முன்பு எந்த மொழியிலும் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு மட்டும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில், அடுத்த கடிதத்தில் என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. படிப்பைப் பற்றித் தனக்கு வெட்கமில்லை என்றுதான் நம்பியிருந்தான். அந்த நம்பிக்கை உண்மையானால், படத்தின் பின்னால் 'நான், ஹாம்பர்க், 1966' என்பதற்கு மேல் ஒரு வரி எழுதக் கை ஏன் வரவில்லை? கப்பலில் வந்த நாட்களெல்லாம் அவனைத் தின்றது இதுதான். அப்பாவின் பெருமை ஊர் முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது. அது வேறு யாரோ ஒரு மகனைப் பற்றிய பெருமை.

மறுநாள் மாலை மாகறலிலிருந்து கண்ணாயிரம் வந்தார். அரிசி மில் வைத்திருக்கிறவர், கல்யாண வயதில் ஒரு பெண்ணும் வைத்திருக்கிறவர். காப்பியை ஆற்றிக்கொண்டே, "தம்பி வந்துட்டாருல்ல, நம்ம செய்யாத்துக்குக் குறுக்க ஒண்ணு கட்டிடச் சொல்லுங்க முனிசாமி. கெழக்கால இருக்கிறவன் தண்ணிக்கு நம்மகிட்ட வந்து நிக்கட்டும்," என்று சிரித்தார். பிறகு மாடத்தைப் பார்த்தார். "அது எந்த ஊரு கோயிலு தம்பி?"

அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஆதிகேசவன் சொன்னான். "கோயில் இல்லைங்க. ஜலதாரை. ஊர்க் கழிவெல்லாம் போற எடம். நான் படிச்சது அதாங்க. டேம் இல்ல. தை மாசம் மெட்ராஸ்ல சேரப்போற வேலையும் அதுதான்."

கொல்லையில் மாடு தலையாட்டும் மணிச்சத்தம் கேட்டது.

"கக்கூஸ் படிக்கவா கப்பல் ஏறினீங்க?" என்றார் கண்ணாயிரம். கிண்டலாகத் தொடங்கிய குரல் பாதியில் இறங்கிவிட்டது.

ஆதிகேசவன் ஹாம்பர்க்கில் செத்த எட்டாயிரம் பேரைப் பற்றிச் சொன்னான். இன்றைக்கு அங்கே அந்த நோயைப் பார்த்த டாக்டர்கூட இல்லை என்றான்.

"இன்னா நோவு?" முனிசாமி முதல் முறையாக வாய் திறந்தார்.

"வாந்திபேதிப்பா."

பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல். கருட சேவைக் கூட்டத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பெருமாளைப் பார்த்துவிட்டு வந்த ஆறு வயது வடிவு, மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். முனிசாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். சாப்பாட்டு நேரம் வரை திரும்பி வரவில்லை. கண்ணாயிரம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

பொன்னியம்மாள் மாடத்துக்கு முன்னால் நின்று படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப ஜோடு போட்டுக்கினு போனது தப்பில்ல," என்றாள். அவள் குரலில் நிஜமான நிம்மதி இருந்தது.

அப்பா சாப்பிடும்போதும் பேசவில்லை. அவர் எப்போதுமே அதிகம் பேசாதவர்தான். ஆனால் அவருடைய மௌனங்களில் எது எது என்று ஆதிகேசவனுக்கு ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. ஐந்து வருடத்தில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இந்த மௌனம் அவமானமா, துக்கமா, கோபமா என்று அவனால் பிரிக்க முடியவில்லை.

விடிந்ததும் முனிசாமி வண்டி பூட்டினார். "ஏறு," என்றார். எங்கே என்று அவன் கேட்கவில்லை. மார்கழிப் பனியில் எருதுகளின் முதுகு நனைந்திருந்தது. ஆற்றைக் கடந்து, டவுனைச் சுற்றிக்கொண்டு, அதன் எல்லைக்கு வெளியே இருந்த நகராட்சி உரக்கிடங்கில் வண்டி நின்றது. ஊர்க் கழிவையும் குப்பையையும் அடுக்கடுக்காகக் குழியில் போட்டு மூடி, மாதக்கணக்கில் மக்க வைத்து, வண்டிக் கணக்கில் குடியானவர்களுக்கு விற்பார்கள். அப்பா ஒவ்வொரு மார்கழியிலும் இங்கே வருவார். ஏற்கெனவே ஐந்தாறு வண்டிகள் வரிசையில் நின்றன.

"இன்னா முனிசாமி மாமா," என்றான் முன்வண்டிக்காரன். "சீமைல படிச்ச புள்ளய டேம் கட்டற எடத்துக்குக் கூட்டினு போவாம இங்க கூட்டியாந்துக்கிற?"

முனிசாமி நுகத்தடியிலிருந்து எருதுகளை அவிழ்த்தார். நிதானமாகத் தும்பைக் கட்டினார்.

"டேம் இல்ல. நான்தான் தெரியாம சொல்லிக்கினு திரிஞ்சேன்," என்றார். "இதத்தான் படிச்சிட்டு வந்துக்கிறான். அஞ்சு வருசம். நீ மூக்கப் புடிச்சிக்கினு வாரிக்கினு போறியே, இத. அந்த ஊர்ல வாந்திபேதியே கெடையாதாம்."

முன்வண்டிக்காரன் வண்டியை விட்டு இறங்கினான்.

குழிக்குள் மண்வெட்டியோடு நின்ற கலியன் நிமிர்ந்து பார்த்தான். ஐம்பது வயது இருக்கும். அந்த விளிம்புக்கு வந்து குனிந்து பேசுகிறவர்கள் அவனுக்குப் பழக்கமில்லை.

"கலியா, என் பையன். உள்ள எறங்கிப் பாக்கணும்னுவான். கொஞ்சம் ஒதுங்கி எடம் உடு."

"வாணாங்க, வெள்ளச் சொக்காய் பாழாப்பூடும்," என்றான் கலியன்.

"பரவால்லண்ணே," என்று ஆதிகேசவன் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினான். அடியிலிருந்து சூடு பாதத்தில் ஏறியது. கலியன் ஒரு வெட்டு வெட்டி மேல்மண்ணைப் புரட்ட, கறுத்த உரத்திலிருந்து வெண்புகை போல ஆவி கிளம்பி, குளிருக்குள் நிதானமாக எழுந்து இருவரையும் மூடியது. ஒரு பிடி அள்ளி முகர்ந்தான். மழைக்குப் பிந்தைய மண் வாசம்.

"எட்டாயிரம் பேருன்னியே, அத இவங்களுக்கும் சொல்லுடா," என்று மேலேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

ஆவிக்கு அப்பால், குழியின் விளிம்பைச் சுற்றி, ஒவ்வொரு முண்டாசாக எட்டிப் பார்க்கத் தொடங்கியது.