பாட்டு நிற்கிற வரைக்கும்

"கால் பக்கம் நீ புடி கண்ணு," என்றார் மாரப்பன் சித்தப்பா. ஆம்புலன்சின் பின்கதவு திறந்திருந்தது. வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்த அண்ணனின் கால்களை நோக்கி இளங்கோ கையை நீட்டினான். கை பாதியிலேயே நின்றுவிட்டது. நேற்று சாயங்காலம் அந்த வலது கணுக்காலைப் பிடித்ததும் இதே கைதான். வேறு யாரோ முன்னால் வந்து பிடித்து இறக்கினார்கள். தம்பிக்கு மனசு தாங்கவில்லை, பாவம் என்றார்கள். பாவமாம், பாவம்!

அண்ணன் சிவராஜ் பதினாறு வருடம் கபடி பாடிப் போனவன். எதிராளிகள் ஏழு பேர் நடுவே தன்னந்தனியாகப் போய், தொட்டுவிட்டு, முழு உடம்போடு திரும்பி வருவதுதான் அவன் பிழைப்பு. அதற்காகவே ஒரு பனியன் கம்பெனி அவனுக்கு வேலை கொடுத்தது. பேருக்குத்தான் துணி செக்கிங் வேலை, மூன்று மணியானால் மைதானம். பல்லடத்தில் தோள் எலும்பு போனது. அவிநாசியில் முன்பல் இரண்டு. முட்டியில் தகடு வைத்ததும் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. அதற்கப்புறம் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய் ஆடினான். மற்றவர்கள் 'கபடி கபடி' என்று பாட, இவன் மட்டும் பழைய மாதிரி 'குடுகுடு குடுகுடு' என்பான். அந்தச் சத்தத்துக்கே கூட்டம் விசிலடிக்கும்.

இளங்கோ, பாடி வருகிறவனைப் பிடிக்கிறவன். இருபத்தெட்டு வயதாகியும் எந்த ஊரிலும் அவனுக்குத் தனியாக ஒரு பேர் கிடையாது. சிவராஜ் தம்பி, அவ்வளவுதான். அது அவனுக்கு நெஞ்சில் எரிந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை அண்ணனைப் பிடித்துப் போட்டுவிட வேண்டும் என்றுதான் இந்த வருடம் எதிர் டீமுக்குப் போனான்.

கணியூர்ப் பக்கம் மாரியம்மன் நோம்பிக்கு நடந்த போட்டி. கடைசிப் பாட்டு. இரண்டு பேரைத் தொட்டுவிட்டுச் சிவராஜ் திரும்பிப் பாய்ந்தபோது, இளங்கோ விழுந்து கணுக்காலைப் பிடித்தான். மேலே ஆறு பேர் வந்து விழுந்தார்கள். ஒருவனுடைய முட்டி சிவராஜின் பிடரியில் இறங்கியது. நடுக்கோட்டுக்கும் அவன் விரலுக்கும் நாலு அங்குலம். மண் அடைத்த வாயிலிருந்து 'டு... டு...' என்று வந்துகொண்டே இருந்தது. பாட்டு நிற்கிற வரைக்கும் பிடியை விடக் கூடாது. இளங்கோ காலை முறுக்கினான். இன்னும் முறுக்கினான். விசில் ஊதினார்கள். கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு 'இளங்கோ, இளங்கோ' என்று கத்தியது. மேலேயிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அண்ணன் எழுந்திருக்கவே இல்லை.

இப்போது வாசலில் சாமியானாவுக்குக் கீழே எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். கடைசி மூச்சு வரைக்கும் பாட்டை விடலையே மகராசன் என்றார்கள்.

அண்ணி அன்புசெல்வி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவனைக் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. கையில் செம்பு.

"தம்பி, கடசியா அவரு என்னங்க சொன்னாரு?"

பாடிக்கிட்டே போச்சுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் யாரோ கோட்டோரம் நின்று செல்லில் எடுத்திருந்த வீடியோவை இளங்கோ பிணவறை வாசலில் காதோடு வைத்து ஏழு தடவை கேட்டிருந்தான்.

"அது பாட்டு இல்லீங்க அண்ணி. அண்ணன் விடு விடுன்னு சொல்லியிருக்குதுங்க. எனக்குக் குடு குடுன்னு கேட்டுது."

செம்பு அவன் நெற்றியில் விழுந்தது. மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது. தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. செம்பைப் போட்டுவிட்டுக் கையால் அடித்தாள், கன்னத்தில், நெஞ்சில், வாயில். விலக்க ஓடிவந்த சித்தப்பாவை இளங்கோவே கையமர்த்தி நிறுத்தினான். ஓய்ந்துபோய்த் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"குழியில கால்மாட்டுல நீங்கதான் புடிச்சு எறக்கோணும். அந்தக் கால வேற ஆரும் தொடக் கூடாது."

மயானத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. இளங்கோ குழிக்குள் இறங்கி நின்று கால்களை வாங்கிக்கொண்டான். தலைமாட்டில் பிடித்தவர் உடம்பை மண்ணில் படுக்கவைத்துவிட்டு மேலே ஏறிப்போனார்.

"செரி, விடு கண்ணு," என்றார் மேலேயிருந்து மாரப்பன்.

நன்றாகவே கேட்டது.

"விடு சாமி, விடு."

முதல் பிடி மண் கணுக்காலைச் சுற்றியிருந்த அவன் விரல்களின் மேல் விழுந்தது.