அப்பா தமிழில் சொல்லாத கதை

எவலின் மூன்றாவது தாளையும் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். மூன்று மணிக்கு அப்பாவின் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்கு முன்னால் மகள் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று காலையிலேயே முடிவாகிவிட்டது. முடிவு செய்தவள் இராஜம்மா அத்தை, அப்பாவின் அக்காள். எழுபது வயதிலும் யார் வீட்டுச் சாவானாலும் நிர்வாகம் அவள் கையில்தான்.

"தமிழ்ல பேசு ஆயி. ஒங்கப்பன் மேடை ஏறுனா இங்கிலீஷ்தான். இன்னிக்காச்சும் நம்ம எஸ்டேட் ஆளுங்களுக்குப் புரியட்டும்லா. எல்லாம் பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டு ஒக்காரணுமா?"

அதுதான் சிக்கல். அப்பாவின் அந்த மேடைப் பேச்சு எவலினுக்கு ஆங்கிலத்தில் தலைகீழ்ப் பாடம். ஆசிரியர் தினம், பரிசளிப்பு விழா, பணி ஓய்வு விருந்து என்று அப்பா, சூசைமுத்து சார், வாத்தியாரான கதையைச் சொல்லாமல் இறங்கிய மேடை கிடையாது. சுங்கை புரோங் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் மலாய் நெல் விவசாயிகளின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர். நேற்று முன்தினம் காலை சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. மீன்காரர் அந்தப் பையை மறக்காமல் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அரைக் கிலோ கெம்போங் மீன் இன்னும் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

எவலின் இன்னும் அழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்திருந்தது. வந்தவர்கள் கட்டிப்பிடித்தார்கள், இவளும் முதுகைத் தட்டிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ரெங்கசாமி சமையலறை வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார். "அந்தக் கடுதாசிக் கதைய மறந்துறாதம்மா. அதுதான் ஒங்கப்பா. அதக் கேட்டு நான் எத்தன தடவ கண் கலங்கியிருக்கேன் தெரியுமா?"

"சொல்றேன் சார்."

நாலாவது தாளில் ஒருவழியாகத் தமிழ் வந்து சேர்ந்தது. எவலின் அதை அத்தைக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினாள். அம்மா கான்ஸ்டன்ஸ் இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை. அடுப்புக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் அப்பாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது எஸ்டேட் ஆபீசிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று தாத்தா அதை மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார். ஒரு மாதம் கழித்துச் சட்டிபானையோடு அவர்களை மழையில் வெளியேற்றினார்கள். அது வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதம். அன்றைக்குத்தான் அப்பா முடிவெடுத்தார், இனி எந்தப் பிள்ளையும்..."

"நிறுத்து, நிறுத்து," என்றாள் அத்தை. "யாரடி வெளியேத்துனாங்க?"

"ஒங்கள எல்லாந்தான். தாத்தா, நீங்க, அப்பா..."

"அடி கூறுகெட்டவளே. ஒங்க தாத்தா செத்து, பெட்டி கெளம்புனதே அந்த லயத்து வீட்டுலருந்துதான். ஆளுங்கள வேலை வாங்குற மண்டோரே எங்க சொந்த மாமன். மாமன் இருக்கிறப்ப எவன் எங்கள வெளியேத்துவான்?"

"ஒங்களுக்கு மறந்திருக்கும் அத்தை."

"மறக்குறதுக்கு இதென்ன கறிக்கு உப்புப் போட்டதா? அவனுக்கு போலீஸ் ஆகணும்னு ஆசை. கண்ணாடி முன்னாடி நின்னு சல்யூட் அடிப்பான். அளந்து பாத்தா ஒசரம் அரை இஞ்ச் கொறச்சல். திருப்பி அனுப்பிட்டானுங்க. வீட்டுல சும்மா கெடந்தவன, பள்ளிக்கூடத்துல தற்காலிகமா ஆள் எடுக்கறாங்க போடான்னு அனுப்புனதே நாந்தான். இங்கிலீஷுக்குத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு. இவனுக்கு ஏபிசிடிக்கு மேல என்னா தெரியும்?"

எவலின் தாளைப் பார்த்தாள். அத்தை அந்த விழாக்களுக்கு வந்ததில்லை. வந்த எஸ்டேட் ஆட்களுக்கு ஆங்கிலம் புரிந்ததில்லை. பொய் என்று சொல்லக்கூடிய ஒருத்தருடைய காதிலும் முப்பது வருடமாக அந்தக் கதை விழவேயில்லை.

"அம்மா, ஒனக்குத் தெரியுமா?"

அம்மா தலையை நிமிர்த்தினாள். "இண்டர்வியூவுக்காகக் கட்டுன கதை. நெரந்தர வேலைக்குக் கூப்புட்டாங்க. ஏன் டீச்சர் ஆகணும்னு கேப்பாங்களாம். போலீஸ்ல எடுக்கல, அதான் வந்தேன்னு சொல்ல முடியுமா? என்னைய இதே முக்காலில ஒக்கார வச்சு ஒத்திக பாப்பாரு. நாந்தான் இண்டர்வியூ ஆபீசர். எனக்கு என்னா இங்கிலீஷ் தெரியும்? கேள்வியத் தமிழ் எழுத்துல எழுதிக் குடுப்பாரு. நான் படிப்பேன்."

எவலினுக்கு இரண்டு நாளில் முதல்முறையாக ஏதோ ஒன்று வந்தது. அது கோபம்.

"எனக்கு அக்கவுண்டன்சி படிக்க எடம் கெடச்சிச்சும்மா. இந்தக் கடுதாசிய நம்பித்தானே அத விட்டேன். பன்னண்டு வருஷமா புஞ்சாக் ஆலாம் பள்ளிக்கூடத்துல நாப்பது பிள்ளைங்களோட தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டு இருக்கேன். யாராச்சும் ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"நீ டீச்சராப் போறேன்னு சொன்னப்ப அவரு ரெண்டு நாளு சாப்புடல. சொல்லிறவா, சொல்லிறவான்னு என்னையே சுத்திச் சுத்தி வந்தாரு. அதுக்குள்ள நீ சிரிச்சிக்கிட்டே பையத் தூக்கிட்டு கெளம்பிட்ட."

கூடத்தில் ஜெபமாலை சொல்லும் குரல் கேட்டது. அம்மா மெதுவாகத் தொடர்ந்தாள்.

"வேலை கெடச்சும் விடல. நாளைக்கு நடத்தப்போற பாடத்த இன்னிக்குச் சாயங்காலம் எனக்கு நடத்துவாரு. நான் வெங்காயம் உரிச்சிக்கிட்டே கேக்கணும். முடிஞ்சதும் எந்திரிச்சி நின்னு 'தேங்க் யூ சார்'னு சொல்லணும். அவரு சொல்ற வரைக்கும் ஒக்காரக் கூடாது. கொழம்பு அடிப்புடிச்சாலும் சரிதான்."

"எத்தன நாளு?"

"ஆறு வருஷம். அவரு காலைல எடுக்குற வாந்தி நிக்கிற வரைக்கும்."

"என்னா வாந்தி?"

"பயத்துல," என்றாள் அம்மா. "வகுப்புக்குப் போற பயம்."

எவலினுக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. தன்னைப் போல உலகத்தில் இன்னொரு கோழை இருக்க முடியாது என்று அப்போது நினைத்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டாள்.

இரண்டரைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பெட்டி. அப்பா கழுத்தில் டையோடு படுத்திருந்தார். ஒரு பக்கம் எஸ்டேட் ஆட்கள். மறுபக்கம் பழைய மாணவர்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள். முன்வரிசையில் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தார் ரெங்கசாமி. எவலின் தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எங்க அப்பாவுக்குப் போலீஸ் ஆகணும்னுதான் ஆசை," என்றாள். "அரை இஞ்ச் கொறஞ்சு போச்சு."

எஸ்டேட் பக்கம் ஒரு கிழவர் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "ஆமா, ஆமா," என்றது இன்னொரு குரல். மலாய்க்காரப் பெண்ணொருத்தி என்ன சொன்னாள் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். இன்றைக்கு முழிப்பது அவர்கள் முறை. ரெங்கசாமி கைக்குட்டையும் கையுமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கிலீஷ் தெரிஞ்சு அவரு வாத்தியாராப் போகல. நாளைக்கு நடத்துற பாடத்த இன்னிக்குப் படிச்சாரு. தெனமும் பயந்தாரு. பயந்துக்கிட்டே போனாரு. அவரோட மொத மாணவி எங்க அம்மா."

தாளைப் பிரிக்காமலே ஓரமாக ஒதுங்கினாள். ரெங்கசாமி கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவருக்குக் கோபமா வருத்தமா என்று அவள் பார்க்கவில்லை.

சாமியார் ஜெபம் சொல்லி முடித்தார். நாலு பேர் மூடியைத் தூக்கினார்கள். அத்தை பெருங்குரலெடுத்து அழுதாள். அம்மா மட்டும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் ஒட்டிவைத்து நேராக நின்றாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார்கள்.

"ஒக்காருங்கக்கா, கால் கடுக்கும்," என்று யாரோ நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்கள். அம்மா உட்காரவில்லை.

பெட்டி வாசலைத் தாண்டியது. கூட்டமும் பின்னாலேயே போனது. வண்டிக்குள் பூ அடுக்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். காலியாகிப்போன கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தபடி அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

எவலின் பக்கத்தில் போய் நின்றாள். அம்மாவைத் தொடவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஓகே," என்றாள், தினமும் காலையில் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லும் குரலில். "சிட் டவுன்."

அம்மா உட்கார்ந்தாள்.