பாதி வரப்பு

பெய்த மழையின் ஈரம் மண்ணில் இருக்கும்போதே உழுது கடலை போட்டாக வேண்டும். அது தெரிந்தும் தைரியநாதன் வரப்பின் மேல் குத்தவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பார்க்க அடைக்கலமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் அவளுடைய கொழுந்தன். மாமனார் செத்ததும் அண்ணனும் தம்பியும் மானாவாரிக் கொல்லையை வேட்டி கிழிக்கிற மாதிரி நீளவாக்கில் கிழித்து, ஆளுக்கொரு பட்டையாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு அண்ணனும் போய்ச் சேர்ந்தான். அவன் பங்கு இப்போது அடைக்கலமேரியின் பாடு. வாடகை டிராக்டர் வந்ததும் வந்தது, இனி வைக்கோல் தேடி யார் அலைவது என்று ஊரே உழவு மாட்டை விற்றுவிட்டது. இவர்கள் இரண்டு பேரும் விற்றவர்கள்தான்.

இலுப்பூரிலிருந்து டிராக்டரை ஓட்டிவந்த ஷேக் பரீது பட்டையைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். இந்த அகலத்தில் வண்டி திரும்பாது. போன வருஷம் மாதிரி இரண்டு முனையும் தரிசாகத்தான் கிடக்கும். நடு வரப்பை வெட்டினால் ஒரே கொல்லையாக உழுவார். இல்லையென்றால் பக்கத்து ஊர்ப் பண்ணைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் மண் கட்டாந்தரையாகிவிடும்.

அடைக்கலமேரி நயமாகத்தான் ஆரம்பித்தாள். இரண்டு முனையிலும் எல்லைக்கல் இருக்கிறதே, அறுவடை முடிந்ததும் கயிறு பிடித்து வரப்பைப் போட்டுக்கொள்ளலாம் என்றாள். இது அண்ணன் கையால் போட்ட வரப்பு என்றான் தைரியநாதன். அண்ணன் உயிரோடு இருந்தவரை அவனோடு முகம் கொடுத்துப் பேசாதவன். பிறகு, கல் நகரும் என்றான். யார் நகர்த்துவார்கள் என்று கேட்டால், தான் யாரையும் சொல்லவில்லையாம்.

“வரப்புல பாதி எனக்குண்டா இல்லையா தம்பி?”

“உண்டு மதினி. யாரு இல்லைன்னா?”

“அப்ப எந்திரிச்சு ஒங்க பாதியில உக்காருங்க.”

மண்வெட்டியை எடுத்தாள். வரப்பைத் தன் பக்கம் மட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சரித்துக்கொண்டே போனாள். ஷேக் பரீது பீடியை அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். தைரியநாதன் எழுந்து விலகினான். மிச்சப் பாதி, பெரிய சக்கரத்துக்கு அடியில் புட்டாக உதிர்ந்தது.

“தனியா நிக்க மாட்டாததை நான் என்னங்க பண்றது?” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

பொழுது சாய்வதற்குள் முனைக்கு முனை உழவு முடிந்தது.

மறுநாள் காலையில் விதைக்கடலையோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உழுத மண்ணை வாரி வாரி நடுவில் குவித்து, காலால் மிதித்துக்கொண்டிருந்தான் தைரியநாதன். அவன் கொல்லையில் ஒரு பருப்புகூட இன்னும் ஊன்றவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“ஒங்க பக்கத்து மண்ணும் பாதி போடணும்ல மதினி?”

அவள் களைக்கொட்டு ஒன்றை எடுத்து, அந்தப் புது வரப்பின் மேல், தன் பாதியில், முதல் குழியைக் கொத்தினாள். கடலையைப் போட்டு மூடிவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்தாள்.