பதினோராவது கணு

தன் பெயரை ஒரு வண்டுக்கு வைக்கப்போகிறார்கள் என்று வசந்தகுமாரிக்குத் தெரிந்தது செவ்வாய்க்கிழமை காலையில். மத்தியானத்துக்குள் செய்தி கல்லூரி கேன்டீன் வரை போய்விட்டது.

டீ ஆற்றிக்கொண்டிருந்த பேபி, "இன்னாக்கா, பூச்சிக்கு உன் பேராமே? கரப்பான் எதுனா மிச்சம் கீதான்னு கேட்டுச் சொல்லு. என் பேரையும் குடுக்கிறேன்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வசந்தகுமாரியும் சிரித்துவைத்தாள். ஆனால் அந்த வண்டைப் பற்றி அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று இருந்தது.

ஆவடியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் அவள் ஆய்வக உதவியாளர். அதற்கு முன் பத்தொன்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் லென்ஸுக்குக் கீழே முடியை விட மெல்லிய கம்பி சுற்றிய கை. கம்பெனி ஊரை விட்டுப் போனதும் இங்கே வந்தாள். அவள் கை நடுங்காது என்பதைக் கண்டுபிடித்தவள், ஆராய்ச்சி மாணவி லாவண்யா. அன்றிலிருந்து பூச்சிகளை முக்கோண அட்டை நுனியில் ஒட்டும் வேலை வசந்தகுமாரியுடையதாயிற்று.

லாவண்யா ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். நான்கு வருஷமாக எறும்பு போலிருக்கும் வண்டுகளே கதி என்று கிடக்கிறாள். அரிசி நொய்யளவுதான் ஒவ்வொன்றும். தலைக்குப் பின்னால் நூல் கட்டி இறுக்கியது மாதிரிக் கழுத்து, ஒடுங்கிய மார்பு, அவசர ஓட்டம். யாரானாலும் எறும்பு என்று ஊதித் தள்ளிவிடுவார்கள். லென்ஸில் வைத்தால்தான் முதுகில் இரண்டாகப் பிரியும் கெட்டி உறையும், அதற்குள் மடித்து வைத்த இறக்கையும் தெரியும். எறும்பின் உணர்கொம்பு முழங்கை போல மடங்கும். இதற்கு மடங்காது, பதினொரு கணுக்கள், மணி கோத்த சரம் மாதிரி. முன்காலிலும் நடுக்காலிலும் பாதத்துக்கு ஐந்து கணு, பின்காலில் நான்குதான். இதெல்லாம் லாவண்யா வேலை செய்துகொண்டே சொல்ல, வசந்தகுமாரி ஒட்டிக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டவை.

வகைப்பாட்டையும் லாவண்யா அப்படித்தான் விளக்கியிருந்தாள். குடும்பம் என்பது ஆவடி மாதிரி, பேரினம் அதற்குள் சேக்காடு மாதிரி, சிற்றினம் வீட்டு எண். ஊரும் பகுதியும் ஏற்கெனவே தெரிந்தவை. இப்போது புதிதாக ஒரு வீடு கண்டுபிடித்திருக்கிறோம், வாசலில் உங்கள் பெயர் என்றாள்.

புதிய வீடு என்று எப்படித் தெரிந்தது? அங்கேதான் வசந்தகுமாரி மாட்டிக்கொண்டிருந்தாள். உடம்பு, கால், உறை எல்லாம் பழைய இனம் ஒன்றோடு ஒத்துப்போகிறதாம். ஆண் உறுப்பைப் பிரித்துப் பார்த்தும் கிட்டத்தட்ட அதே வடிவம்தானாம். உணர்கொம்பின் பதினோராவது கணு மட்டும் முந்தைய இரண்டையும் சேர்த்த நீளத்துக்குக் கத்தி போல நீண்டிருக்கிறதாம். அந்த ஒரு கணுவை நம்பித்தான் கட்டுரையே. வெள்ளிக்கிழமை இதழுக்கு அனுப்புகிறார்கள். அச்சாகிவிட்டால் இந்த ஒரு வண்டுதான் அந்தப் பெயருக்கு மூல மாதிரி; இனி எந்த நாட்டிலிருந்து யார் ஒப்பிட வந்தாலும் இதைத்தான் பார்ப்பார்கள்.

அந்த உணர்கொம்பு அந்த வண்டினுடையதே அல்ல.

தை மாதத்தில் லாவண்யா காய்ச்சலில் படுத்திருந்த வாரம். அந்த வண்டை அவள் அதுவரை லென்ஸில் பார்த்திருக்கவில்லை. வசந்தகுமாரி அதன் அட்டையை இடம் மாற்றும்போது யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். வண்டுக்கு ஏற்கெனவே ஒரு கொம்பு கிடையாது. இருந்த ஒன்றும் ஒடிந்து பறந்துவிட்டது. தரையில் டார்ச் அடித்து ஒரு மணி நேரம் தேடினாள். பிறகு அவள் கை, பத்தொன்பது வருஷம் செய்த காரியத்தைச் செய்தது. கம்பெனியில் ஒரு பீஸ் பழுதானால் தூக்கிப் போடமாட்டார்கள். கழித்த இன்னொரு பீஸிலிருந்து நல்ல பாகத்தை எடுத்துப் பொருத்தி, ஓகே பண்ணி அனுப்புவார்கள். அதற்கென்றே தனி மேஜை உண்டு. அவளும் இன்னும் இனம் பிரிக்காத தட்டிலிருந்து அதே நிறம், அதே அளவுள்ள வண்டு ஒன்றை எடுத்து, அதன் கொம்பைக் கழற்றி ஒட்டினாள். ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. கொம்பு கொம்புதானே என்று நினைத்தாள். வந்ததும் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள். சொல்லவில்லை.

புதனும் வியாழனும் இப்படியே கழிந்தன. வேப்பம்பட்டில் கட்டிக்கொடுத்த மகள் எழிலரசி, தெரு முழுக்கச் சொல்லிவிட்டதாகப் போனில் பெருமைப்பட்டாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் வேலையும் போகலாம், அந்தப் பெண்ணின் நான்கு வருஷமும் போகலாம்.

வெள்ளிக்கிழமை காலை வசந்தகுமாரி போனபோது லாவண்யா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைக் கடைசியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாவண்யாம்மா, அனுப்பாதே. அந்தக் கொம்பு அதோடது இல்ல. நான் ஒட்டுனது."

லாவண்யா முதலில் சிரித்தாள். பிறகு வசந்தகுமாரியின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் வண்டை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, தூரிகை நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டாள். பசை இளகியது. சற்று நேரத்தில் கொம்பு தனியாகச் சாய்ந்து மிதந்தது.

"நாலு வருஷம்க்கா" என்றாள்.

விஷயம் கேட்டு உள்ளே வந்த பேராசிரியர் சம்பந்தம் கத்துகிற ஆள் இல்லை. அன்றைக்குக் குரல் உயர்ந்தது. அச்சான பிறகு எவனாவது கண்டுபிடித்திருந்தால் மூன்று பேரும் பித்தலாட்டக்காரர்கள் ஆகியிருப்போம் என்றார். இது பூச்சியா, மிக்ஸியா, பழுது பார்த்து அனுப்ப என்று கேட்டார். வசந்தகுமாரி தலை குனிந்து நின்றாள். இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று மனசுக்குள் மேஜை டிராயரைக் காலி செய்யத் தொடங்கிவிட்டாள்.

லாவண்யாதான் திடீரென்று நிமிர்ந்தாள். கொம்பு இந்த வண்டினுடையது இல்லை, சரி. ஆனால் ஏதோ ஒரு வண்டினுடையதுதானே?

"எதுலேருந்து எடுத்தீங்கக்கா? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"தூக்கிப் போடறதா? பாகம் கழட்டுன பீஸை சீட்டு இல்லாம எங்கினா போடுவாங்களா? வச்சிகினுகீறேன்."

டிராயரின் பின்பக்கத்திலிருந்து சிறு கண்ணாடிக் குப்பி வந்தது. உள்ளே ஒற்றைக் கொம்பு வண்டு. கூடவே சுருட்டிய சீட்டு. தட்டு எண், தேதி, சேக்காடு ஏரிக்கரைச் சருகு, 'வலது கொம்பு எடுத்தது' என்று பென்சிலில் எழுதியிருந்தது.

லாவண்யா அதை லென்ஸின் கீழே வைத்து ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். பத்தில் நின்றாள். பிறகு சம்பந்தத்துக்கு இடம் விட்டு நகர்ந்தாள். அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். மிச்சமிருந்த கொம்பிலும் பதினோராவது கணு கத்தி போல நீண்டிருந்தது. மார்பின் அடிப்பக்கம் வேறு மாதிரிக் குறுகியிருந்தது. பிரிக்காத தட்டில் கிடந்ததால் இதுவரை ஒருவரும் பார்க்காதது.

"வீடு புதுசுதான் சார். நாமதான் பக்கத்து வீட்டுக் கதவுல பேரை ஒட்டப் பார்த்தோம்" என்றாள் லாவண்யா.

ஆனால் அது பெண் வண்டு. ஆண் உறுப்பைப் பார்க்காமல் இனத்தை உறுதி செய்ய முடியாது, ஆண் ஒன்றாவது கிடைக்காமல் எழுதக்கூடாது என்று சம்பந்தம் கண்டிப்பாகச் சொன்னார். கட்டுரை அன்று போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி, சீட்டு எழுதி வைக்கும் பழக்கம் எங்கே வந்தது என்று கேட்டார்.

"மண்ணூர்பேட்டையில சார்."

"ஒட்டுறதும் அங்கேயேதான் வந்தது. அதை மட்டும் இங்கே மறந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை போகவில்லை என்பது வசந்தகுமாரிக்கு உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

அன்றே லாவண்யா நோட்டு ஒன்று போட்டாள். எது உடைந்தாலும், யார் உடைத்தாலும் அதில் எழுத வேண்டும். முதல் வரியை வசந்தகுமாரியையே எழுதச் சொன்னாள். அவள் எழுதிவிட்டு, தன் பெயர் எந்தப் பூச்சிக்கும் வேண்டாம் என்றாள். ஆண் கிடைக்கட்டும், அந்தச் சண்டையை அப்புறம் போடலாம் என்றாள் லாவண்யா. முகத்தில் இன்னும் கோபம் மிச்சமிருந்தது.

மறுநாள் காலை இருவரும் சேக்காடு ஏரிக்கரையில் இருந்தார்கள். லாவண்யா சருகைச் சல்லடையில் அள்ளிச் சலித்தாள். வசந்தகுமாரி கீழே வெள்ளைத் தட்டை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மண்ணோடு எறும்புகள் விழுந்து நாலா பக்கமும் ஓடின. பதினொரு மணி வெயில் முதுகில் ஏறியது. நாலாவது சல்லடையில், ஓடுகிறவற்றில் ஒன்றின் கொம்பு மட்டும் மடங்காமல் நேராக நீண்டிருந்தது.

எடுக்க அவள் விரல் தானாக நீண்டது. சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"லாவண்யாம்மா, நீயே வந்து எடு. நான் தொடல" என்றாள்.