வானொலி வாய் மூடிய மூன்று மணி நேரம்

சலூன்காரரைத் தெருவில் எல்லோரும் வானொலி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று அவருடைய நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கை நின்றாலும் நிற்கும், வாய் நிற்காது. அதிலும் உள்ளதை உள்ளபடி சொன்னால் அவருக்குத் தொழிலே ஓடாது. சந்தில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் போதும், மூன்றாவது தலை முடிவதற்குள் அது வெட்டுக்குத்தாகியிருக்கும்.

அவர் மனைவி தையல்காரி. துணியைப் போலவே பேச்சையும் அளந்துதான் வெட்டுவாள். சலூன் இருந்த கடை வரிசையை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டப்போகிறார்கள் என்றதும், நகரசபை வாசலில் உட்கார ஆள் திரட்டியவள் அவள்தான். அன்று காலை வக்கீலம்மாவின் தொலைபேசி எண்ணை அழியாத மையால் கணவனின் கையில் எழுதினாள்.

"தள்ளுமுள்ளு வந்தா ஓரமா ஒதுங்கிடுங்க. போலீஸ் கூட்டிட்டுப் போனா கையை உதறாதீங்க. பேரு, விலாசம், அவ்வளவுதான். மேல கேட்டா, வக்கீல் வந்ததும் பேசுறேன்னு சொல்லுங்க. நீங்க வாயைத் திறந்தா நான் தொலைஞ்சேன்."

மத்தியானம் எவனோ எங்கிருந்தோ விட்ட கல்லில் நகரசபைக் கண்ணாடி நொறுங்கியது. முன்வரிசையில் சம்மணம் போட்டிருந்த பாவத்துக்கு வானொலியை வேனில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் பேரும் விலாசமும் சொன்னார். கையைக் காட்டி ஒரு போன் கேட்டு, வக்கீலம்மாவுக்குச் சொன்னார். பிறகு வாய்க்குப் பூட்டு.

"யாருய்யா கூட்டத்தைக் கூட்டினது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மனைவியின் பெயர் தொண்டை வரை வந்தது. எச்சிலோடு விழுங்கினார். "வக்கீல் வந்ததும் பேசுறேன் சார்."

இரண்டு மணி நேரம் இதே கதை. இன்ஸ்பெக்டர் ஒன்றும் லேசுப்பட்டவர் இல்லை. அதட்டலை விட்டுவிட்டு டீயை நீட்டினார்.

"பாவம்யா நீங்க. மொத்தமே முப்பது பேருதானாமே? பிசுபிசுத்துப் போச்சாமே?"

முப்பதா! வானொலியின் நாக்கு துடித்தது. அஞ்சாயிரம் பேர் சார், தெருவே அதிர்ந்துச்சு, நகரசபைக்காரன் கதவைச் சாத்திட்டு ஓடினான்! எல்லாம் நுனிநாக்கில் வரிசைகட்டி நின்றன. சூடான டீயை ஒரே மூச்சில் ஊற்றி நாக்கைப் பொசுக்கிக்கொண்டார். கண்ணில் நீர் கொட்டியது. "வக்கீல்..." என்று மட்டும் வந்தது.

மூன்றாம் மணி நேரத்தில் வக்கீலம்மாவோடு மனைவியே வந்து நின்றாள்.

"கூட்டத்தைக் கூட்டினது நான்தான் சார்."

வானொலிக்கு மயக்கம் வராத குறை. இதைச் சொல்லாமல் இருக்கத்தானே மனுஷன் இத்தனை பாடுபட்டான்!

"நகரசபை வாசல்ல உட்காரப் போறோம்னு மூணு நாளைக்கு முன்னாடியே இங்கதான் எழுதிக் கொடுத்தேன். உங்க முத்திரை இருக்கு பாருங்க. வந்தது நாப்பத்திரண்டு பேர். கையெழுத்து இருக்கு. யாரும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கல."

"இவர் கல்லெறிஞ்சதுக்குச் சாட்சி இருக்கா? எதுக்காக வெச்சிருக்கீங்கன்னு எழுத்துல கொடுங்க," என்றார் வக்கீலம்மா. இன்ஸ்பெக்டர் முத்திரை குத்திய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாசலைக் காட்டினார்.

வெளியே படியில் வானொலி வெடித்தார்.

"உன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு நாக்கைக் கடிச்சு ரத்தமே வந்துடுச்சுடி!" நீட்டிக் காட்டினார். ரத்தமெல்லாம் இல்லை.

"என் பேரை மறைக்க என்ன இருக்கு? நாப்பது பேர் உட்கார்ந்தா அது கூட்டம். நீங்க பாட்டுக்கு ஆயிரம், அஞ்சாயிரம்னு விட்டிருந்தா கலவரம். அத்தனை பேரையும் தூண்டிவிட்டவள்னு என்னைத்தான் உள்ள வெச்சிருப்பாங்க. ஏதாவது விட்டீங்களா?"

டீ இல்லாவிட்டால் விட்டிருப்பார். பொசுங்கிய நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதில் பாதியைத்தான் நம்பியிருக்கிறாள். இதை முழுசாக நம்பினாள். நம்பிய பிறகுதான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.