பல்லுக்கம்பியும் நன்மையும்

"அக்கா, நீங்கள் மட்டும் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறியள்?"

மகளின் கலியாணத்தன்று படம் எடுக்க வந்த ஸ்ரூடியோக்காரன் கேட்ட கேள்வி அது. யசிந்தா கையை எடுத்துவிட்டு உதட்டை இறுக்கினாள். படத்தில் யாருடனோ கோபித்துக்கொண்டு நிற்பவள் போல விழுந்திருந்தாள். முன்பற்கள் இரண்டும் சின்ன வயதிலிருந்தே வெளியே தள்ளிக்கொண்டிருந்தவை. மகளைக் கரைசேர்த்தாயிற்று, இனி என் பாட்டைப் பார்ப்போம் என்று நாற்பத்திரண்டு வயதில், ஊரடங்கு இல்லாத ஒரு காலை, குருநகரிலிருந்து நடந்தே போய்ப் பட்டணத்துப் பல் டொக்டரின் கதிரையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அவர் செய்து கொடுத்தது மேலண்ணத்தோடு ஒட்டிக்கிடக்கும் ஒரு றோசாநிறத் தட்டு. அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று முன்பற்களின் மேலாக ஓடும். வாயை மூடினால் ஒருவருக்கும் தெரியாது. சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம், மற்ற நேரம் கழற்றினால் பல் பழைய இடத்துக்கே ஓடிவிடும் என்று டொக்டர் வெருட்டி அனுப்பினார். விசயம் தெரிந்த ஒரே ஆள் புருசன் சந்தியோகு. "உன்ரை பல்லு, உன்ரை பாடு" என்றான் அவன், பொத்திக்கொண்டிருந்த மீன்வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

இடைஞ்சல் கோவிலில்தான் வந்தது. முதல் ஞாயிறு பூசையில் நன்மை எடுத்தபோது, சுவாமி நாக்கில் வைத்த நற்கருணை அப்பம் அண்ணத்துத் தட்டில் போய் ஒட்டிக்கொண்டது. நாக்கால் எவ்வளவு வழித்தும் வரவில்லை. வீட்டுக்கு வந்து தட்டை ஒரு கோப்பைத் தண்ணீரில் கழுவினாள். ஆண்டவரின் துணிக்கை ஒன்று அந்தத் தண்ணீரில் இருந்தால்? குசினிக் கழிவுநீர்க் கானில் ஊற்றலாமா? கோப்பையோடு மாதா படத்தின் முன்னால் வைத்தாள். அது வற்றும்வரை ஒருவரையும் தொடவிடவில்லை.

கழற்றி வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பூசை, நவநாள், செபமாலை என்று அவள் கோவிலில் கிடக்கிற நேரத்துக்குப் பல் சும்மா இருக்குமா? மூன்று ஞாயிறு நன்மைக்கு எழும்பாமல் வாங்குப் பலகையிலேயே இருந்தாள். பாவத்தோடு இருப்பவர்தான் நன்மை எடுக்காமல் இருப்பார். சந்தியோகுவின் தமக்கை லூர்த்தம்மா, அப்படி என்ன பாவம் செய்தாய் என்று நாலு பேர் கேட்கக் கேட்டாள். தட்டை டொக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோமா என்று யசிந்தா யோசித்தாள். ஆனால் நாக்கு நுனிக்குத் தெரிந்தது, பல் ஒரு துளி உள்ளே வந்திருந்தது.

நாலாம் கிழமை பாவசங்கீர்த்தனக் கூண்டின் தட்டியோரம் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கம்பி, ஆசை, கோப்பைத் தண்ணீர். தட்டியின் மறுபக்கத்தில் பங்குச் சுவாமி கொஞ்சநேரம் இருமினார்.

"பிள்ளை, என்ரை மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல்லு. இருவது வரியமா அதோடைதான் பூசை வைக்கிறன். கழுவின தண்ணியைப் பூங்கண்டுக்கு ஊத்து." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ சொன்னதை நான் வெளியிலை சொல்லேலாது. நான் சொன்னதை நீயும் சொல்லிப்போடாதை."

அந்த ஞாயிறு அவள் எழும்பிப் போய் நாக்கை நீட்டினாள். அப்பம் ஒட்டியது. அது தானாகக் கரையும்வரை வாங்கில் ஆறுதலாக இருந்தாள்.

பின்னேரம் லூர்த்தம்மா துருவின தேங்காய்ப்பூ கேட்டுக் கோப்பையோடு வந்தாள்.

"நீ நன்மைக்கு வாயைத் திறக்கேக்கை பக்கத்திலைதானே நிண்டனான், கம்பியைப் பாத்தனான். பேரப்பிள்ளை காணப்போற வயசிலை உது ஆருக்குக் காட்டவடி?"

"ஒருத்தருக்கும் இல்லை மச்சாள். எனக்கு ஆசையாய் இருந்தது."

சொல்லிவிட்டு யசிந்தா கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். திரும்பி வந்தபோது லூர்த்தம்மா சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கீழுதட்டை விரலால் இழுத்துப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்த தன் கீழ்ப்பற்களை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யசிந்தாவைக் கண்டதும் உதட்டை விட்டாள். கோப்பையை வாங்காமலே வாசல் படலையைத் திறந்துகொண்டு போனாள்.