எட்டு நூல்

என் கணவர் ஜம்புலிங்கம் குமணன்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தார். வலது இடுப்பு எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. மூன்றாம் நாள் ஆபரேஷன் செய்து, உடைந்த இடத்தில் உலோகத்தில் ஒரு பந்து பொருத்தினார்கள். எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பும்போது கிருஷ்ணப்பிரியா என்ற நர்ஸ் என்னை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். படுக்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையணை வைக்க வேண்டும். கால்மேல் கால் போடக்கூடாது. தாழ்வாக உட்காரக்கூடாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் நடக்க வேண்டும். கடைசியில் சொன்னது இன்னும் அவள் குரலிலேயே கேட்கிறது.

"கெண்டைக்காலை தினமும் பாருங்கம்மா. ஆபரேஷன் பண்ண கால் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். போகப்போக வத்தி, ரெண்டும் சமமா வந்துடும். எந்தக் கால்லயாவது புதுசா வீக்கம் வந்து, இறுகி வலிச்சா உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். அது நெஞ்சுக்குப் போனா உயிருக்கு ஆபத்து. உடனே கூட்டிட்டு வந்துடுங்க."

அவள் சொன்னது முழுவதும் எனக்குப் புரிந்தது. ஆனால் 'சமம்' என்ற ஒரு சொல்லைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

காட்டுப்பாக்கத்தில் முப்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். கண்ணால் பார்ப்பதை நான் நம்புவதில்லை. வீட்டுக்கு வந்த முதல் நாளே இஞ்ச் டேப்பை எடுத்தேன். இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே அரைச் சாண் விட்டு, பேனாவால் புள்ளி வைத்துச் சுற்றினேன். வலது கால் பதினாலு இஞ்ச். இடது கால் பதிமூன்று. வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டில், ரேகா டீச்சரின் அளவுக்கு அடுத்த பக்கத்தில் இதையும் எழுதினேன்.

இஞ்சில் எட்டில் ஒரு பங்கை எங்கள் தொழிலில் ஒரு நூல் என்போம். வலது கால் எட்டு நூல் கூடுதல். அந்த எட்டு, பூஜ்ஜியமாக வேண்டும். அதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய அக்கா சரசா திருமழிசையிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். எழுபது வயதிலும் குடத்தைத் தனியாகத் தூக்குவார். பிறந்த குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் அந்தப் பக்கம் அவருக்குப் பெயர் உண்டு. வந்த அன்றே நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார். நான் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தேன்.

"ஆபரேஷன் பண்ண காலை யாரும் தொடக்கூடாது அண்ணி."

"தொடாமயே வச்சிகினு இன்னாடி பண்ணப் போற? கொலு வைக்கப் போறியா?"

"அக்கா, அவ அளவெடுக்கட்டும்," என்றார் இவர். "எனக்கு ஜாக்கெட் தெக்கறா."

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்தவர். என் டேப்பைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். "பழைய டேப்பு. இழுத்து இழுத்து நீண்டு போய்க் கீது. அளக்கறதுக்கு வெர்னியர் ஸ்கேலு குடு, நான் கரெக்டா சொல்றேன்."

மாலையில் அளந்ததும் வித்தியாசத்தை மட்டும் தினசரி காலண்டர் தாளில் எழுதினேன். அது தையல் பழக்கம். திருத்தத்துக்கு வரும் ஜாக்கெட்டில் முழு அளவையும் யாரும் எழுதுவதில்லை. கை இரண்டு நூல் கூட, இடுப்பு ஒரு நூல் குறைய என்றுதான் எழுதுவோம்.

எட்டு. எட்டு. எட்டு. ஏழு.

ஐந்தாம் நாள் அவர் இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, "நல்ல காலு புடிக்குது ஹேமா," என்றார்.

"எல்லா பாரத்தையும் அது மேல போட்டா பிடிக்காதா?" என்று நான்தான் சொன்னேன். அன்று மாலை வித்தியாசம் ஐந்து நூல்.

"இந்தக் காலைத் தொடலாமில்ல?" என்றார் அண்ணி. "இதுல யாரும் கத்தி வைக்கலியே?"

அந்தக் காலைப் பற்றி எனக்கு எந்தப் பயமும் இல்லை. இராத்திரியெல்லாம் இரண்டு மணிக்கொருதரம் எழுந்து எனக்குக் கண் எரிந்துகொண்டிருந்தது. அண்ணியையும் நான் எத்தனை தடவைதான் தடுப்பது? "தேய்ங்க அண்ணி," என்றேன்.

ஆறாம் நாள் மூன்று நூல். ஏழாம் நாள் மாலை டேப்பை இரண்டு முறை சுற்றினேன். வித்தியாசமே இல்லை. காலண்டர் தாளில் பெரிதாகப் பூஜ்ஜியம் போட்டேன். ஓசூரில் வேலை செய்யும் மகன் இளங்கோவுக்கு போன் பண்ணி, "சமமாயிடுச்சுடா," என்றேன். அன்றைக்கு அண்ணி சேமியா பாயசம் வைத்தார்.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். ரேகா டீச்சர் புது ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். உள்ளறையில் அண்ணி இவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கை பிடிக்குதுக்கா," என்றாள் ரேகா.

ஜாக்கெட்டை வாங்கி இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினேன். "பாரும்மா, ரெண்டும் ஒரே அளவுதான். ஒரு நூல் வித்தியாசம் இல்ல."

"ஒரே அளவுதான்க்கா. அதான் ரெண்டும் பிடிக்குது," என்று அவள் சிரித்தாள்.

அவளுடைய அளவைப் பார்க்க நோட்டைப் பிரித்தேன். எதிர்ப்பக்கத்தில் என் கையெழுத்தில் அவருடைய கால்கள் இருந்தன. வலது பதினாலு. இடது பதிமூன்று.

ஜாக்கெட் என் மடியிலிருந்து விழுந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

"கையை எடுங்க அண்ணி."

"இன்னாடி ஆச்சு உனக்கு?"

"எடுங்க."

என் குரலைக் கேட்டு அண்ணி கையைத் தூக்கினார். எண்ணெய்ப் பிசுக்கில் டேப் வழுக்கியது. இடது காலில் புள்ளியின் மேல் வைத்துச் சுற்றினேன். பதினாலு. அவிழ்த்து மறுபடியும் சுற்றினேன். பதினாலு. வலது காலில் சுற்றினேன். அதுவும் பதினாலுதான். வீங்கிய கால் வற்றவே இல்லை. நல்ல கால் வீங்கி அதன் அளவுக்கு வந்திருந்தது.

"நூறு கொயந்தைய குளுப்பாட்டின கைடி இது," என்றார் அண்ணி. "ஏன்னு சொல்லிட்டாவது எடுக்கச் சொல்லு."

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க," என்றார் இவர். "ரெண்டு கால் கீது. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க." சொல்லி முடிப்பதற்குள் இருமினார். இருமலுக்கு நடுவில், "காலைலேந்து நெஞ்சும் கொஞ்சம் புடிக்குது. வாய்வு," என்றார்.

ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். தேய்க்காதீர்கள், நடக்கவைக்காதீர்கள், ஆம்புலன்ஸ் அனுப்புகிறோம், உடனே வாருங்கள் என்றார்கள்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படி திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. கீழ்வீட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் வசீமும் ஆம்புலன்ஸ்காரரும் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். உயரத்துக்காக இரண்டு தலையணை போட்டிருந்தோம். இடுப்பு மடங்கிவிடாமல் நான் வலது காலைத் தாங்கிக்கொண்டு பின்பக்கமாகப் படி இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் அவர் மூச்சு குறுகிக்கொண்டே வந்தது.

"மெதுவா, வசீம் பாய்," என்றார் அவர். "உள்ள புது சாமான் கீது."

அண்ணி மாடியிலேயே நின்றுவிட்டார். எண்ணெய்க் கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குமணன்சாவடி சிக்னலில் வண்டி நின்றது. சைரன் அலறியும் முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒதுங்க இடமில்லை. அவர் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, "இன்னா அளவு?" என்றார்.

"பதிமூணுதான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உன் மூஞ்சில ஒரு இஞ்ச் கூட கீதே," என்றார். முகமூடியை நான் திரும்ப வைத்தேன். பஸ் நகர்ந்தது.

மாலை நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார். எவ்வளவோ முயன்றோம் என்றார்.

"தேய்ச்சதாலயா சார்?" என்று அவரிடம் கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா. கட்டி மூணு நாலு நாளாவே இருந்திருக்கும். தேய்க்காம இருந்தாலும் போயிருக்கலாம்."

காரியம் முடிந்த அன்று சொந்தக்காரர்கள் நடுவில் யாரோ எண்ணெய்ப் பேச்சை எடுத்தார்கள். சரசா தேய்த்துத்தான் தம்பி போனான் என்று ஒரு மூலையில் பேசிக்கொண்டார்கள். அது அண்ணியின் காதில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். டாக்டர் சொன்னதை நான் அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். நோட்டையும் காலண்டர் தாள்களையும் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். நான் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் அவர் பையை எடுத்துக்கொண்டு திருமழிசைக்குப் போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்து இளங்கோதான் சொன்னான். "அத்தை இப்பல்லாம் கொழந்தைங்கள குளிப்பாட்டப் போறதில்லையாம். யார் கூப்பிட்டாலும் கை நடுங்குதுன்னு சொல்லிடறாங்களாம்."

மறுநாளே பஸ் ஏறினேன். அண்ணி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டையும் ஏழு காலண்டர் தாள்களையும் பிரித்து வைத்தேன்.

"எனக்கு இதெல்லாம் படிக்கத் தெரியுமா?" என்றார்.

அண்ணியின் இடது காலை நீட்டச் சொல்லி டேப்பைச் சுற்றினேன். "முதல் நாள் அவருக்கு இந்தக் கால் பதிமூணு, அந்தக் கால் பதினாலு. கடைசி நாள் ரெண்டும் பதினாலு. நான் பதினாலைப் பார்க்கல அண்ணி, சமத்தைத்தான் பார்த்தேன். மூணு நாளா வீங்கிக்கிட்டிருந்தது என் கையெழுத்துலயே இருக்கு. உங்களைத் தேய்க்கச் சொன்னதும் நான்தான். டாக்டரும் தேய்ச்சதாலன்னு சொல்லல. இதை அன்னிக்கே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கணும்."

அவர் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் காலு சுட்டுதுடி," என்றார். "மொத நாளு தேய்க்கும்போதே சுட்டுது. கல்லாட்டம் இறுகிக் கெடந்துது. இந்தக் கைக்குத் தெரிஞ்சுது."

"சொல்லலியே அண்ணி."

"நீ டேப்பு வச்சி அளக்கற. நோட்டுல எழுதற. எனக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியாமயா இருக்கும்னு உட்டுட்டேன்."

டேப் இன்னும் அவர் காலைச் சுற்றியே இருந்தது. அதை அவிழ்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.